மில்டன் எழுத நினைத்ததும் எழுதி முடித்ததும்

கவிஞர் ஒருவருடைய முடிந்த நூலைப் பயில்வது ஓர் இன்பம். அவர் எவற்றை எழுதக் கருதியிருந்தார், அவற்றுள் எதனைக் கைவிட்டார், ஏன் கைவிட்டார் என ஆராய்வது பிறிதோர் இன்பம். பின்னதற்கு இடந்தரும் புலவர் சிலரே. அவருள் ஒருவர் ஆங்கில மகாகவி ஜான் மில்டன் (1608-1674). அவருடைய ‘பாரடைஸ் லாஸ்ட்’ என்னும் காவியத்தின் ஒரு காண்டத்தையேனும் பாடமாக ஓதியவர் நம்முட் பலர். வெள்ளகால் சுப்பிரமணிய முதலியார் அதன் முதற் காண்டத்தைச் ‘சுவர்க்க நீக்கம்’ எனத் தமிழ்ச் செய்யுளாக்கித் தந்ததும் அறிஞர் அறிந்ததே. அக்காவியம் உருவான வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரிப் புத்தகசாலையில் மில்டனது கையெழுத்துச் சுவடி ஒன்று உளது. கடலில் மூழ்கி இறந்த எட்வர்ட் கிங் என்பாரைக் குறித்து 1637இல் அவர் பாடிய ‘லிஸிடஸ்’ என்னும் இரங்கற்பா, அடித்தலும் திருத்தலுமாக அதிற் காணப்படுகின்றது. மலர்களை நிரல்படக் கூறும் புகழ்பெற்ற பகுதி முதலில் ஒருவாறு எழுதப்பெற்று, அடிக்கப்பெற்று, பின்னர் வேறு துண்டில் புதிதாக எழுதப்பெற்றுளது. இதனைக் கண்ட சார்ல்ஸ் லாம் பெரிதும் மனம் நொந்தார். முழுவடிவோடு பிறந்ததென்று தாம் போற்றிய பாட்டின் சொற்கள், வேண்டியபடி மாற்றத்தக்கனவாய் ஒருகாற் கிடந்தன என்பதை அவரால் பொறுக்க இயலவில்லை. நமக்கோ அவ்வருத்தம் விளங்கவில்லை. ஒரே மூச்சில் எழுதிய செய்யுளை அன்று மாலையே பத்திராதிபரிடம் சேர்ப்பிக்கும் நம் இளம்புலவர்க்கு அச்சுவடியைக் காட்டல் வேண்டுமென்றே தோன்றுகின்றது.

அச்சுவடியிலேயே, 1640ஆம் ஆண்டையொட்டி அவர் குறித்து வைத்த ஒரு பட்டியல் உண்டு. எதிர்காலத்தில் எழுதத்தக்க பொருள்கள் ஏறக்குறைய நூறு அதில் உள. அவற்றுட் பெரும்பாலன வேதாகமக் கதைகள். ஏனையவை பிரிட்டன் நாட்டுப் பழஞ்செய்திகள். மாக்பெத்தின் கதையும் அங்கே இருக்கின்றது; ஷேக்ஸ்பியர் முந்திக்கொண்டமை அவருக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை போலும்! ஆதாமின் வீழ்ச்சிக்கு மட்டும் நான்கு திட்டங்கள் வரையப்பட்டுள்ளன. ஆயின் அவை நான்கும் நாடகத்திற்கு உரியன. காவியத்திற்கு உரியன அல்ல.

காவியமாகப் பாட அவர் அக்காலத்து எண்ணியிருந்தது ஆர்தர் மன்னன் கதையையே. 1638இல் இத்தாலி சென்ற அவர், டாஸோ என்னும் பெருங்கவிஞரைப் புரந்த மான்ஸோவை நேப்பிள்ஸ் நகரில் கண்டு அளவளாவினார். தம் நாட்டுக்கும் டாஸோவினது போன்றதொரு வீரகாவியம் வேண்டுமென்ற வேட்கை அப்போது முதிர்ந்தது. மான்ஸோவுக்கு எழுதிய இலத்தீன் பாட்டிலும், ஆருயிர்த் தோழர் டியோடாட்டியின் மறைவுக்கு இரங்கிய பாட்டிலும் அவ்வெண்ணத்தை வெளியிட்டுள்ளார். 1642இல் வெளியிட்ட உரைநூல் ஒன்றில், பெருநூல் ஒன்று தருவேன், சில ஆண்டுகள் பொறுத்திருங்கள் என்று நாட்டாருக்கு வாக்கும் அளித்தார்.

வாக்களித்த நூல் வெளிவர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. வந்ததும் ஆர்தர் கதையன்று. ஏன் இம்மாறுதல்? மன்னராட்சியை எதிர்த்து எழுதிய கைக்கு மன்னன் புகழ் பாடுதல் ஒவ்வாதாயிற்று என்பர் சிலர். அது பொருந்துவதே. எனினும் வேறொரு காரணமே வலியதென்பது நம் கருத்து. 1670இல் வெளியான தமது பிரிட்டன் சரித்திரத்தில், ஆர்தர் என ஒருவன் இருந்தானா என்பதையே மில்டன் ஐயுறுகின்றார். மெய்யென நம்பாத ஒன்றைப் பாட அவர் உள்ளம் இசையவில்லை.

இடையில் கழிந்த ஆண்டுகளை உரைநடைப் பூசல்களும் அரசாங்க உத்தியோகமும் கொள்ளைகொண்டன. 1649இல் அயல்நாட்டுக் கடிதங்களை இலத்தீனில் வரையும் காரியதரிசியானார். 1652இல் இருகண் பார்வையும் முற்றும் ஒழிந்தது. 1660இல் மன்னராட்சி மீண்டபோது அவர் நூல்கள் தீக்கிரையாயின. அவரும் சிறை புகுந்து மீண்டார். காவியத்தின் பெரும்பகுதி உருப்பெற்றது இத்தகைய நாட்களிலேதான்.

குருடர் எவ்வாறு பதினாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளைப் பாடினார்? இரவிலும் விடியற்காலையிலும் அடிகளை மனத்தில் அமைத்துக்கொண்டு, எழுதுவோர் வருகைக்குக் காத்திருப்பார். அவர் வரத் தாழ்ப்பின், கறப்பாரற்ற பசுப்போல் தாம் வருந்துவதாகச் சொல்வார். நாற்பதடிகளை ஒருங்கே சொல்லி, பின்னர் அவற்றை இருபதாகக் குறைத்தலும் உண்டாம். இலையுதிர்காலந் தொடங்கி இளவேனில் வரையிலுமே தமக்குக் கவி தடையின்றிச் சுரந்ததென்று தம் சகோதரி மகன் எட்வர்ட் பிலிப்ஸிடம் கூறியுள்ளார். ஆண்டிற் பாதியே அவருக்குப் பயன்பட்டதென்றால், அவர்தம் பொறுமையை என்னென்பது!

1667 ஏப்ரல் 27ஆம் நாள் சைமன்ஸ் என்னும் அச்சகத்தாரோடு ஒப்பந்தம் முடிந்தது. கைமேற் கிடைத்தது ஐந்து பவுன்.

பழைய நாடகத் திட்டம் முற்றும் வீண்போகவில்லை. நான்காங் காண்டத்தின் தொடக்கத்தில் சாத்தான் சூரியனை நோக்கிப் பேசும் பேச்சினை நம் மாணவர் நினைவுகூர்வர். அதன் முதற் பத்தடிகள், காவியந் தொடங்குதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, துன்பியல் நாடகமொன்றின் தோற்றுவாயாகத் தமக்குக் காட்டப்பெற்றவை என்று பிலிப்ஸ் எழுதியுள்ளார்.