ஒளியால் ஆழம் அறிதல்

திருவள்ளூர் மாவட்டத்தில் எண்ணூர்க் கழிமுகத்திற்கு அண்மையில் அமைந்த ஊர் அத்திப்பட்டு. அங்குள்ள அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி தேவை. அருகிலுள்ள காமராசர் துறைமுகத்திற்கு 2001 ஆம் ஆண்டு முதல் நிலக்கரிக் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன. கழிமுகத்திலோ மீனவரின் சிறு படகுகள் செல்கின்றன. பெருங்கப்பலாயினும் சிறு படகாயினும், தரைதட்டாமல் செல்ல வேண்டுமாயின் நீரின் ஆழம் தெரிந்திருத்தல் வேண்டும்.

முற்காலத்து மாலுமிகள் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் கண்டனர். 20 ஆம் நூற்றாண்டில், நீருக்குள் ஒலியைச் செலுத்தி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடும் முறை பரவியது. ஆயினும் பாறையும் மணல்திட்டும் நிறைந்த ஆழமற்ற கடலில் அளவைக் கப்பல் செல்வது இடர் மிக்கது. அவ்விடங்களில் வானிலிருந்து ஒளியால் அளக்கும் முறை துணை செய்கிறது.

விமானத்திலிருந்து பச்சை நிற லேசர் ஒளி, சிறு சிறு துடிப்புகளாகக் கீழே செலுத்தப்படுகிறது. அதில் ஒரு பகுதி நீர்ப்பரப்பில் பட்டு மீள்கிறது. மற்றொரு பகுதி நீருள் புகுந்து அடித்தரையைத் தொட்டு மீள்கிறது. இவ்விரு மீட்சிகளுக்கும் இடைப்பட்ட காலமே ஆழத்தை உணர்த்துகிறது. ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால், 10 மீட்டர் ஆழத்திற்கு அக்காலம் ஏறத்தாழ 89 கூறுகளே ஆகும்!

காலத்தை அளந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. காற்றில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் விரையும் ஒளி, நீரில் சுமார் 2¼ லட்சம் கிலோமீட்டரே செல்கிறது. இதனை மறந்து கணக்கிட்டால் 10 மீட்டர் ஆழம் 13 மீட்டருக்கு மேல் எனத் தோன்றும். அக்கணக்கை நம்பி வரும் கப்பலின் கதி என்னாகும்? மேலும், ஒளி நீருள் புகும்போது வளைகிறது. அலையாலும் மிதக்கும் துகளாலும் சிதறுகிறது. அடித்தரையிலிருந்து வரும் மெல்லிய ஒளியை ஏனைய ஒளிகளினின்றும் பிரித்தெடுத்து, இப்பிழைகளைக் களைந்த பின்னரே உண்மையான ஆழம் கிட்டும்.

செயற்கைக்கோளிலிருந்தும் இவ்வாறு அளக்கலாம். 2018 இல் அமெரிக்கா செலுத்திய ஒரு செயற்கைக்கோளின் லேசர் அளவைகளைக் கொண்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள இராமர் பாலத்தின் நீரடி வடிவத்தை இந்திய விண்வெளி ஆய்வாளர்கள் வரைந்து, 2024 இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள அத்திட்டுத்தொடரின் இடையே, 2 முதல் 3 மீட்டர் ஆழமுள்ள 11 குறுகிய கால்வாய்கள் இருப்பதை அவர்கள் கண்டனர்.

எனினும், இம்முறை தெளிந்த நீருக்கே உரியது. அங்கு ஒளி பல மீட்டர் ஆழம் ஊடுருவும். வண்டல் கலங்கிய கழிமுகங்களிலோ அது விரைவில் மங்கிவிடும். அங்கே எதிரொலி முறையையே நாட வேண்டும். கருவி எத்துணை நுட்பமாயினும், அதன் எல்லையை அறிந்து, பிழையைத் திருத்திப் பயன்படுத்துவோர்க்கே அது மெய்யான அளவைத் தரும்.