எழுதும் யந்திரமும் ஆராய்ச்சி மாணவனும்

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் பழைய ஆங்கில அகராதி வாங்கி மேற்படிப்பைத் தொடங்கியவர் நம்மில் பலர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதன்பின் அத்தகைய சாதனங்கள் பெருகிவிட்டன. அவற்றைக் கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாமா?

முதலில் அவை இயங்கும் விதத்தை அறிதல் வேண்டும். கோடிக்கணக்கான வாக்கியங்களில் பழகிய யந்திரம், ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வரத்தகும் எனக் கணித்து அடுக்குகிறது. அது உண்மையா என்று சோதிப்பது அதன் தொழிலன்று. ஆகவே, இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் யாவும் தந்துவிடும். சென்ற பருவத்தில் ஒரு சாதனம் கொடுத்த ஆறு மேற்கோள்களை என் வரைவில் சேர்த்தேன். வழிகாட்டி கேட்டபின் தேடினேன். இரண்டு எங்குமே இல்லை! தலைகுனிந்து நின்றேன்.

அறிஞர் உலகமும் இதற்குத் தப்பவில்லை. 2024 பிப்ரவரியில் பிரான்டியர்ஸ் இதழொன்று, யந்திரம் வரைந்த பொருந்தாத எலிப் படத்துடன் வெளியான கட்டுரையைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

விதி யாது? பொறுப்பேற்க இயலாத யந்திரம் ஆசிரியராகாது. பயன்படுத்தியவர் அதனைக் கட்டுரையில் குறிப்பிட வேண்டும் என்று 'நேச்சர்' இதழ் 2023 ஜனவரியிலேயே அறிவித்தது.

தோழர்களே! தமிழ்வழி பயின்று வந்த நமக்கு, ஆங்கில நடையைச் செப்பனிட அதன் துணை நன்றே. ஆனால் சோதனையும் முடிவும் முதல் வரைவும் நம்முடையனவாக இருக்கட்டும். மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத்தைத் திறந்து படித்தபின் சேர்ப்போம். இலக்கணப் பிழையைத் திருத்திக் கொள்ளலாம். பொய்ச் சான்று நம் பெயரோடு நிற்கும்.