கையும் முட்கரண்டியும்

முட்கரண்டியால் உண்பது ஐரோப்பியர் அனைவருக்கும் தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று பலர் கருதுவர். உண்மை அதுவன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்து மக்கள் கத்தியும் கரண்டியும் துணைகொண்டு, பெரும்பாலும் விரல்களாலேயே உண்டு வந்தனர்.

தாமஸ் கோரியட் என்னும் ஆங்கிலேயர் 1608-ஆம் ஆண்டு இத்தாலியில் பயணம் செய்தார். அங்குள்ளோர் ஒரு கையில் முட்கரண்டி கொண்டு இறைச்சியைப் பற்றி, மறு கையிலுள்ள கத்தியால் அறுப்பதைக் கண்டார். பொதுத் தட்டிலுள்ள உணவை விரலால் தொடுவது அங்கே குற்றமாயிற்று. எல்லோருடைய விரல்களும் ஒருபடித்தாகத் தூயன அல்ல என்பதே காரணம். இச்செய்தியை 1611-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். தாமும் அவ்வழக்கத்தை மேற்கொள்ளவே, நண்பர் ஒருவர் அவரை எள்ளிப் பட்டப்பெயர் இட்டழைத்தார். பிற்காலத்தில் அலெப்போ நகரிலிருந்து கால்நடையாக இந்தியா போந்த கோரியட், 1617-இல் சூரத்தில் மறைந்தார்.

பலர் ஒரே தட்டிலிருந்து எடுத்துண்ணும் இடத்தில் தூய்மை காக்கக் கருவி வேண்டியதாயிற்று. நம் முன்னோர் அதே தூய்மையை வேறு வழியிற் காத்தனர். ஆளுக்கோர் இலை, பரிமாறுவதற்குக் கரண்டி, ஒருவர் எச்சில் மற்றவர்க்கு ஆகாது என்னும் நெறி, உண்ணுமுன்னும் உண்டபின்னும் கை கழுவுதல்.

ஆதலின் கையால் உண்பது நாகரிகக் குறைவன்று. கழுவாத கையால் உண்பதே குறை. திருவிழாக் கூட்டத்தில் ததியாராதனைப் பந்தியில் அமருமுன் இதனை நினைவிற் கொள்ளுதல் அனைவருக்கும் நலம் பயக்கும்.