கோசோ தீவில் ஸ்கூட்டர் யாத்திரை

கேள்வி: மால்டாவின் கோசோ தீவை ஸ்கூட்டரில் சுற்றிவரச் சென்ற என் நண்பரும் அவர் மனைவியும் வழி தவறி, மழையில் வழுக்கி விழுந்து, பார்க்கப்போன பாறை வளைவையும் காணாமல் திரும்பினார்கள். நானும் என் மனைவியும் அவ்வாறு செல்வது உசிதமா?

பதில்: தாராளமாகச் செல்லலாம். ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமுமே உடைய அத்தீவில் வழி தவறுவதற்கும் ஓர் எல்லை உண்டு. எத்திசையில் சென்றாலும் சற்றைக்கெல்லாம் கடல் எதிர்ப்பட்டுவிடும். 1964 வரை ஆங்கிலேயர் ஆண்ட பூமியாதலால் வாகனங்களும் இடப்பக்கமே செல்கின்றன.

நண்பர் விழுந்ததற்கு அவருடைய சாமர்த்தியக் குறைவைக் காட்டிலும் அவ்வூர்ச் சாலைகளே காரணமாயிருக்கலாம். சுண்ணாம்புக்கல் ஜல்லியிட்ட அந்தப் பரப்பு, கோடை முழுவதும் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகி, புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து கிடக்க, முதல் மழையின் நாலு தூறல் விழுந்த மாத்திரத்தில் பாசி படிந்த குளத்துப் படியாகிவிடுகிறது. அச்சமயம் முன்சக்கரப் பிரேக்கைச் சடக்கென்று பிடிப்பவர் எவராயினும் மண்ணைக் கவ்வவேண்டியதுதான். (பின்னால் அமர்ந்திருந்த அம்மையாருக்குப் பலத்த காயமில்லை என நம்புகிறேன்.)

பாறை வளைவோ, 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுள் மறைந்துவிட்டது. எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முற்பட்ட ஜிகந்தியா ஆலயங்களைப் பாருங்கள். அவையே அத்தீவின் உண்மையான ஐசுவரியம். தூறல் விழுந்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். மால்டாவிலிருந்து வரும் கப்பலுக்குரிய கட்டணத்தைத் திரும்பும்போதுதான் வசூலிப்பார்கள்; ஆகையால் கையில் கொஞ்சம் பணத்தை மீதி வைத்துக்கொள்ளுங்கள்.