வெயிலைத் தடுத்த வெள்ளைச் சுவர்

கேள்வி: டெல்லி சாணக்கியபுரியில் உள்ள அமெரிக்கத் தூதரகக் கட்டடத்தைக் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் ஏன் படிக்கிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: டெல்லியின் கோடையை மதித்துக் கட்டப்பட்ட கட்டடம் என்பதால்தான். வடிவமைத்தவர் எட்வர்ட் டூரல் ஸ்டோன். 1956-இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் அடிக்கல் நாட்டினார். 1959 ஜனவரியில் திறப்பு விழா.

அந்தக் காலத்தில் புதுமை என்றாலே கண்ணாடிச் சுவர்தான். டெல்லி வெயிலில் அப்படிக் கட்டினால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். ஸ்டோனும் கண்ணாடி வைத்தார். ஆனால் அதற்கு வெளியே, முகலாயர் கட்டடங்களின் 'ஜாலி' எனும் கல் சல்லடையைப் போலத் துளைகள் நிறைந்த வெள்ளைச் சுவர் ஒன்றைச் சுற்றிலும் எழுப்பினார். கான்கிரீட்டில் பளிங்குத் துகள் கலந்து, அங்கேயே வார்த்த கட்டிகளால் ஆனது அது. வெயில் அவற்றில் பட்டுச் சிதறும், வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். கூரையும் இரட்டைதான், இடைவெளியில் காற்று ஓடும். நடுமுற்றத்தில் செடிகளும் நீரூற்றுகளுமாக ஒரு குளம். தங்கமுலாம் பூசிய மெல்லிய தூண்கள் வெளியே வரிசையாக நிற்கின்றன. அலங்காரம் கூடிவிட்டது என்று குறைசொன்னவர்களும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த 'அலங்காரம்'தான் அங்கே நிழல் தருகிறது. கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் போன்ற கறாரான மனிதரே இந்தக் கட்டடத்தை மனம்விட்டுப் பாராட்டினார்.

வாஷிங்டனில் 1971-இல் திறக்கப்பட்ட கென்னடி கலை மையமும் ஸ்டோன் வடித்ததுதான். இரண்டின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், டெல்லியின் சாயல் அங்கே தெரியும்.