வானில் தவறிய சொல்

நுழையும்முன்

சொன்னவர் எண்ணிய பொருளும் கேட்டவர் உணர்ந்த பொருளும் ஒன்றாகும்போதே பேச்சு நிறைவுபெறுகிறது. தரையில் ஒரு சொல் தவறினால் திருத்திக்கொள்ளக் காலம் உண்டு. வானில் விரையும் விமானத்திற்கு அக்காலம் சில நொடிகளே. விமானிக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே நிகழும் உரையாடலில் பிழை எவ்வாறு நுழைகிறது, அதனைத் தடுக்க உலகம் வகுத்த நெறிகள் எவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவாரத்தின் மேலே

திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம் பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர். தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றைக் கொண்டது. இங்கிருந்து தென்மேற்கே வான்வழியில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 7000 அடி உயரத்தில் கொடைக்கானல் உள்ளது. அம்மலைத்தொடரின் உயர்ந்த சிகரமான வந்தரவு 8300 அடிக்கும் மேற்பட்ட உயரமுடையது.

மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் இத்தொலைவை ஆறே நிமிடங்களில் கடந்துவிடும். ஒட்டன்சத்திரத்தின் சமவெளிக்கு மேல் 6000 அடி என்பது இடரற்ற உயரம். அதே உயரத்தில் தென்மேற்கே பறந்தால் எதிரில் நிற்பது மலை. ஆகவே, கட்டுப்பாட்டாளர் கூறும் உயரம் வெறும் எண் அன்று. பயணிகளின் உயிரைத் தாங்கும் சொல். முகிலும் இருளும் மலையை மறைக்கும் வேளையில், விமானி நம்பியிருப்பவை தம் கருவிகளையும் செவியில் விழும் அச்சொல்லையுமே.

ஒரே அலைவரிசையில் பலர்

ஒரு வான்பகுதியில் பறக்கும் விமானங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டாளருடன் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. அதில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும். இருவர் ஒரே நொடியில் பேசினால் இரு குரல்களும் கலந்து கீச்சொலியாக மாறும். பேசியவர்களோ தம் செய்தி சென்றடைந்ததாகவே எண்ணியிருப்பர்.

முகம் காணாமல் பேசுவது மற்றோர் இடர்ப்பாடு. எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்பதை அவர் முகக்குறிப்பே நமக்கு உணர்த்திவிடும். வானொலியில் அக்குறிப்பிற்கு இடமில்லை. மேலும், பேசுவோரின் தாய்மொழிகள் வேறு, ஒலிப்புமுறைகள் வேறு. சில நாடுகள் உயரத்தை மீட்டரிலும் பெரும்பாலான நாடுகள் அடியிலும் கணக்கிடுவதால் அளவு முறையும் வேறுபடுகிறது. மனிதர் தாம் எதிர்பார்ப்பதையே கேட்கும் இயல்புடையவர் என்பதும் கருதத்தக்கது. மேலே ஏற அனுமதி கிடைக்கும் என்று காத்திருப்பவருக்கு, அருகிலுள்ள மற்றொரு விமானத்திற்குத் தரப்பட்ட அனுமதியும் தமக்குரியதாகவே ஒலிக்கக்கூடும்.

சார்க்கி தாத்ரி: மறக்க முடியாத மாலை

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை. தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய நிறுவனத்தின் போயிங் 747 விமானம் மேலேறிக்கொண்டிருந்தது. கசக்ஸ்தான் நாட்டின் இல்யூஷின் 76 விமானம் தில்லியில் தரையிறங்குவதற்காக எதிரே வந்துகொண்டிருந்தது. அக்காலத்தில் வருகைக்கும் புறப்பாட்டிற்கும் ஒரே வான்வழியே பயன்பட்டது.

கட்டுப்பாட்டாளர் சவூதி விமானத்தை 14,000 அடியிலும் கசக்ஸ்தான் விமானத்தை 15,000 அடியிலும் இருக்குமாறு பணித்தார். எதிரே ஒரு விமானம் வருவதையும் அது பறக்கும் உயரத்தையும் கசக்ஸ்தான் விமானத்திற்கு அறிவித்தார். அவருடைய ரேடார் திரை விமானம் இருக்கும் இடத்தைக் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. உயரத்தை அறிய வானொலிப் பேச்சு ஒன்றே வழி. தாம் 15,000 அடியை அடைந்துவிட்டதாகக் கசக்ஸ்தான் விமானம் தெரிவித்தது. ஆயினும் அவ்விமானம் அங்கு நிற்காமல் மேலும் தாழ்ந்தது. ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில், அரியானாவின் சார்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் உயிரிழந்தனர். நடுவானில் நிகழ்ந்த மோதல்களுள் உலகிலேயே மிகுதியான உயிர்களைப் பறித்தது இதுவே.

நீதியரசர் லகோட்டி தலைமையிலான ஆணையம் இதனை ஆராய்ந்தது. கசக்ஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்தைவிட்டுத் தாழ்ந்ததே மோதலுக்குக் காரணம் எனவும், அவ்விமானக் குழுவினரின் ஆங்கில அறிவு போதாமையால் கட்டளையைத் தவறாகப் பொருள்கொண்டமை அதற்கு வழிவகுத்தது எனவும் ஆணையம் கண்டது. அவ்விமானத்தில் தரையுடன் பேசியவர் வானொலி இயக்குநர். விமானத்தைச் செலுத்தியவர்கள் விமானிகள். கேட்டவர் ஒருவர், செயற்பட்டவர் வேறொருவர். சொல் தவறுவதற்கு அந்த இடைவெளியும் இடமளித்தது.

இவ்விபத்திற்குப்பின் தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டிற்கும் தனித்தனி வான்வழிகள் வகுக்கப்பட்டன. விமானத்தின் உயரத்தையும் காட்டும் ரேடார் பயன்பாட்டிற்கு வந்தது. எதிர்வரும் விமானத்தை அறிந்து எச்சரிக்கும் மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது.

உலகம் கற்ற பாடங்கள்

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் தெனெரீஃப் தீவில் மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தனர். டச்சு நாட்டு விமானம் தான் புறப்படுவதாகக் கூறிய தொடர், ஆயத்தமாக இருப்பதாகவும் பொருள்படும்படி அமைந்திருந்தது. "சரி" என்று தொடங்கிய கட்டுப்பாட்டாளர், காத்திருக்குமாறு அடுத்துக் கூறினார். அதே நொடியில், தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக அமெரிக்க விமானம் அறிவித்தது. இரு குரல்களும் கலந்தமையால் டச்சு விமானத்தில் "சரி" என்பதே தெளிவாகக் கேட்டது. எதிரிலுள்ள விமானம் விலகவில்லையோ என்று அங்கிருந்த பொறியாளர் ஐயமுற்று வினவினார், அவ்வையம் புறக்கணிக்கப்பட்டது.

1990ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், கொலம்பியாவின் அவியான்கா விமானம் எரிபொருள் தீர்ந்து நியூயார்க் அருகே வீழ்ந்ததில் 73 பேர் இறந்தனர். நெடுநேரம் வானில் காத்திருந்த விமானிகள் "முன்னுரிமை" வேண்டினர். "நெருக்கடி" என்று அறிவிக்கவில்லை. விமானிகள் உணர்ந்த ஆபத்தின் அளவு அச்சொல்வழிக் கட்டுப்பாட்டாளரைச் சென்றடையவில்லை.

தெரியுமா?

ஆங்கில எழுத்துகளுள் பல ஒன்றுபோல் ஒலிப்பவை. எனவே வானொலியில் 'ஆல்ஃபா', 'பிராவோ', 'சார்லி' என ஒவ்வோர் எழுத்திற்கும் ஒரு சொல் வழங்குகிறது. ஐந்தும் ஒன்பதும் மயங்காதிருக்க, ஒன்பதை 'நைனர்' என்று ஒலிப்பர்.

பிழை தவிர்க்கும் நெறிகள்

வானுரையாடலுக்கென வரையறுத்த சொற்றொடர்கள் உள்ளன. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டு. தெனெரீஃப் விபத்திற்குப்பின், மேலெழுவதைக் குறிக்கும் 'டேக் ஆஃப்' என்னும் சொல்லை அதற்கான அனுமதியை அளிக்கும்போதும் நீக்கும்போதும் மட்டுமே ஆள்வர். பிற இடங்களில் 'புறப்பாடு' என்னும் பொருள்தரும் சொல்லே வரும்.

கட்டளையைக் கேட்ட விமானி அதனைத் திருப்பிச் சொல்வது இரண்டாவது நெறி. உயரம், திசை, ஓடுபாதை எண் ஆகியவற்றை அவர் மீளக் கூற, கட்டுப்பாட்டாளர் அதனைச் செவிமடுத்துப் பிழையிருப்பின் உடனே திருத்துவார். வெறும் "சரி" இங்குப் போதாது. கேட்டேன் என்பதை அச்சொல் காட்டும். எதனைக் கேட்டேன் என்பதைக் காட்டாது.

மூன்றாவது, மொழித்தேர்ச்சி. பன்னாட்டுப் பயணத்தில் ஈடுபடும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலத்தில் ஆறு படிநிலைகளுள் நான்காவதையேனும் எட்டியிருத்தல் வேண்டும் எனப் பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு விதித்துள்ளது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் மரபுத்தொடர்களையும் விரைந்த பேச்சையும் தவிர்த்தல் வேண்டும். புரியவைக்கும் பொறுப்பு இருவருக்கும் உரியது.

கேட்கத் துணிதல்

திருவள்ளுவர் 'சொல்வன்மை', 'தூது' எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தமை, செய்தியை உரியவாறு சேர்ப்பதன் அருமையை உணர்த்தும். சொல்வதற்குத் திறன் வேண்டுவதுபோல், விளங்காதபோது வினவுவதற்குத் துணிவு வேண்டும். "மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்பது அறியாமையைக் காட்டிவிடும் என அஞ்சிப் பலர் தலையசைத்துவிடுகின்றனர். வான்துறையில் அவ்வாறு கேட்பது கடமை. மூத்தவரின் முடிவில் ஐயம் எழுந்தால் இளையவர் அதனை அழுத்தமாக எடுத்துரைப்பதும் கடமை. மருத்துவமனையில் மருந்தின் அளவைக் கேட்டறியும் செவிலியருக்கும், தொடர்வண்டி நிலையங்களில் செய்தி பரிமாறும் பணியாளருக்கும் இதுவே பொருந்தும். திருப்பிச் சொல்ல ஆகும் காலம் சில நொடிகள். அது காப்பதோ பல உயிர்கள்.

கற்பவை கற்றபின்

1. ஐந்து எண்களும் இரண்டு ஊர்ப்பெயர்களும் அடங்கிய செய்தியை ஒரு மாணவர் ஒருமுறை கூற, மற்றொருவர் திருப்பிச் சொல்க. நேர்ந்த பிழைகளைப் பட்டியலிட்டுக் காரணம் காண்க.

2. பலபொருள் தரும் சொற்களால் அன்றாட உரையாடலில் நேரும் குழப்பங்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. 'வெறும் "சரி" போதாது' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.