காற்றுப் பட்டால் கெடும் நொதி

கேள்வி: பாக்டீரியாவிலிருந்து உலோகம் கொண்ட நொதியைப் பிரித்தெடுத்து ஆராய்வது எப்படி?
— ஒரு வாசகர், மந்திர் மார்க், புது டில்லி

பதில்: தங்களுக்கு அதிக தூரமில்லாத பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் உயிர் உரமாக ஆராயப்படும் அசோட்டோபாக்டரையே உதாரணமாகக் கொள்வோம். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் அதன் நைட்ரஜனேஸ் என்னும் நொதி, பிராணவாயு பட்ட மாத்திரத்தில் செயலிழக்கும் சுபாவமுடையதாகையால், உயிரணுக்களை உடைத்து, மையவிலக்கி யந்திரத்தில் சுழற்றிக் கசடு நீக்கி, தெளிந்த சாற்றைப் பிசின் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் செலுத்தும் வரை, ஒவ்வொரு காரியத்தையும் காற்றுப் புகாமல், டைதயோனைட் உப்பின் பாதுகாப்பிலேயே செய்தாக வேண்டும். குழாயில் ஊற்றும் உப்புநீரின் செறிவைக் கூட்டக் கூட்ட, பிற புரதங்கள் முன்னும் பின்னுமாக விலக, கரும்பழுப்புப் பட்டையாக இறங்கி வருவதே நாம் தேடும் புரதம். இரும்பும் கந்தகமும் அதில் உண்டென்பதற்கு அந்நிறமே முதல் சாட்சி. அசெட்டிலினை எத்தனை விரைவில் எத்திலீனாக மாற்றுகிறது என்பதைக் கொண்டு அதன் வீரியத்தையும், அணு உட்கவர் நிறமாலைமானியைக் கொண்டு உலோகங்களின் அளவையும் கணிக்கிறார்கள். இரும்போடு மாலிப்டினமும் சேர்ந்த அதன் உலோகக் கருவை 1977-ல் ஷா, பிரில் என்னும் ஆய்வாளர்கள் தனியே பிரித்தனர். 1992-ல் கிம், ரீஸ் என்னும் ஆய்வாளர்கள் படிக ஆய்வினால் அதன் அமைப்பைக் கண்டனர். நிறத்தை மட்டும் நம்பற்க: ஒரு மில்லிகிராம் புரதத்துக்குரிய வீரியம் படிக்குப் படி உயர்ந்தாலன்றிச் சுத்திகரிப்பு நிகழ்ந்ததாகக் கொள்ளலாகாது.